‘நல்லாப் பண்ணுங்க’ன்னா என்ன பண்ணணும்? – வேலையிடம்: வாசகர் கேள்வி பதில்

ஓசூர் சிப்காட், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை, தருமபுரி கடைவீதி என்று இந்த முறை கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. கீழே வேலை பார்ப்பவரிடம் குறையை எப்படிச் சொல்வது, நிறையை எப்படிச் சொல்வது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கம்பெனிகளில் இதை ‘ஃபீட்பேக்’ என்கிறார்கள். முதல் இரண்டு கடிதங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: வாகன உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 26. என் லைனில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் வழி ஓடும் மெஷின்) ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு 14 வருட அனுபவம். மாதத்தில் இரண்டு மூன்று முறை போர் (பீஸில் போடும் துளை) சைஸ் பெரிதாகி, பீஸ் ரிஜெக்ட் ஆகிறது. ‘கவனமா ஓட்டுங்கண்ணா’ என்று பல தடவை சொல்லிவிட்டேன். ‘நீ ஸ்கூலுக்குப் போறப்பவே நான் மெஷின்ல நின்னவன்’ என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், ஓசூர்

பதில்: ‘கவனமா ஓட்டுங்க’ என்பதைக் கேட்டுவிட்டு அவர் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்துவார்? யோசித்துப் பாருங்கள். கவனம் என்பது கையால் செய்கிற வேலை கிடையாது. அந்த வார்த்தை அவர் காதில் ‘உனக்கு வேலை தெரியவில்லை’ என்றுதான் விழும். 14 வருட அனுபவத்தை அவர் எடுத்துக் காட்டுவது அதற்குப் பதிலாகத்தான்.

பேசுவதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஒரு 25 மி.மீ. போரை எடுத்துக்கொள்வோம். எச்7 என்ற அளவு வரம்பு என்றால் 25.000-க்குக் கீழேயும் போகக் கூடாது, 25.021-க்கு மேலேயும் போகக் கூடாது. இன்செர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய போர் சிறுத்துக்கொண்டே வரும். துளைக்குள் நுழைய வேண்டிய கோ கேஜ் இறுகும். ஆபரேட்டர் வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத்தை ஈடுகட்ட மெஷினில் கொடுக்கும் திருத்தம்) 0.005, மறுபடி 0.005 என்று கொடுத்துக் கொடுத்து சைஸை இழுத்துப் பிடிப்பார். அது 0.030 வரை ஏறியிருக்கும்போது புது இன்செர்ட் போடுகிறார் என்று வையுங்கள். தேய்மானத்துக்காகக் கொடுத்த அந்த 0.030-ஐ எடுக்க மறந்தால், 25.010 வர வேண்டிய போர் 25.040-க்குப் போய்விடும். நுழையவே கூடாத நோகோ கேஜ் வழுக்கிக்கொண்டு உள்ளே நுழையும். சிறுத்த போரை மறுபடி ஓட்டிக் காப்பாற்றலாம். பெருத்த போருக்கு ஸ்கிராப் தொட்டிதான்.

ஆகவே ரிஜெக்ட் ஆன பீஸ்களின் நேரத்தையும் இன்செர்ட் மாற்றிய நேரத்தையும் ஷிப்ட் ஷீட்டில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் காரணம் கிட்டத்தட்ட கையில் கிடைத்துவிட்டது. ஒட்டி வராவிட்டால் வேறு இடத்தில் தேட வேண்டும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கிறார்களா? 25 மி.மீ. ஸ்டீல் 20 டிகிரி சூடேறினாலே சுமார் 0.006 பெருத்துக் காட்டும். அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு. கேஜ் கடைசியாக எப்போது கேலிப்ரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) போனது? இதையெல்லாம் பார்க்காமல் போய் நின்றால், அவர் ஒரே கேள்வியில் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பினால் அது நியாயமும்கூட.

பார்த்தாயிற்று என்றால் அதே ஷிப்ட்டில் பேசுங்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற நேரம் வேண்டாம், டீ டைமில் நாலு பேர் நடுவிலும் வேண்டாம். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு அழைத்துப் போய், பீஸும் கேஜும் எதிரில் இருக்க, இருவரும் ஒரே பக்கமாக நில்லுங்கள். எதிரெதிராக நின்றால் பேச்சும் எதிரெதிராகத்தான் போகும்.

‘அண்ணா, ஏழு மணிக்கு இன்செர்ட் மாத்தினீங்க. அதுக்கப்புறம் வந்த நாலு பீஸ்ல நோகோ உள்ள போவுது. ஆஃப்செட் பேஜ்ல பழைய 0.030 அப்படியே நிக்குது. நாலும் ஸ்கிராப். மாத்துறப்ப என்ன ஆச்சுண்ணா?’

இவ்வளவுதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனசுக்குள் பத்து எண்ணுகிற அளவு மௌனம் இருந்தாலும் பரவாயில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ‘பரவால்லண்ணா, அடுத்த தடவ பாத்துக்கலாம்’ என்று நீங்களே பாலம் போட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது.

அவர் சொல்லும் பதிலில்தான் சரக்கு இருக்கும். ‘மறந்துட்டேன்’ என்றால், இன்செர்ட் மாற்றும்போது செய்ய வேண்டியதை மூன்று வரியில் அவர் கையாலேயே எழுதி மெஷின் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்: ஆஃப்செட்டை ஜீரோ செய், முதல் பீஸை ஆறவிட்டு அள, சரியாக இருந்தால் மட்டும் அடுத்ததை ஓட்டு. ‘முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் குடுத்துட்டு நின்னா பத்து நிமிஷம் போவுது, டார்கெட்டுக்கு யார் பதில் சொல்றது?’ என்று அவர் கேட்கவும் கூடும். அது உங்களுக்கு வந்த ஃபீட்பேக். டார்கெட்டில் அந்தப் பத்து நிமிடத்தைக் கழிக்க வைப்பது உங்கள் வேலை. அதைச் செய்யாமல் அவரைத் திருத்தப் போகாதீர்கள்.

வயது விஷயத்துக்கு ‘அண்ணா’ போதும். கெஞ்சலும் வேண்டாம், ‘உங்களுக்குத் தெரியாததா’ என்ற ஐஸும் வேண்டாம்.

அடுத்த தடவை இன்செர்ட் மாற்றும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். சரியாகச் செய்தால் ‘ஜீரோ பண்ணிட்டீங்க, முதல் பீஸ் 25.009, சரியா இருக்குண்ணா’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகருங்கள். பெரும்பாலான சூப்பர்வைசர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். குறை சொல்ல வந்தவர் திருந்தியதைப் பார்க்க வரவில்லை என்றால், ஆபரேட்டர் அதையும் கணக்கில் வைத்துக்கொள்வார். இவ்வளவுக்குப் பிறகும் அதே தவறு மூன்றாம் முறை வந்தால், தேதியோடு எழுதி மேனேஜரிடம் கொண்டுபோங்கள். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். சீசனில் பழம் பிரிக்கும் பெல்ட்டில் 40 பெண்கள் நிற்கிறார்கள். பாதிப் பேர் வருடா வருடம் புதுசு. தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களும் உண்டு, இப்போது வடமாநிலத்தவரும் வருகிறார்கள். கூழில் கரும்புள்ளி வருகிறது என்று வாங்குகிற கம்பெனி புகார் சொல்கிறது. எவ்வளவு கத்தினாலும் மாற்றமில்லை. ஆள் கூட்டிவரும் மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: 40 பேரைப் பார்த்துக் கத்தினால் 40 பேரும் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்கிறார் என்று நினைப்பார்கள். மெஷின் சத்தத்தில் உங்கள் முகம் சிவப்பது மட்டும் தெரியும்.

முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள். அந்தப் புள்ளி பெல்ட்டிலிருந்துதான் வருகிறதா? பழத்தின் தோலில் உள்ள கருப்பும் காம்புப் பக்க அழுகலும் கூழில் புள்ளியாக வரும். அதே நேரம் கூழைச் சூடாக்கும் இடத்தில் அடிப்பிடித்துக் கருகினாலும் புள்ளி வரும். சல்லடை கிழிந்திருந்தாலும் வரும். சூடாக்குவதற்கு முன் ஒரு கரண்டி, பின் ஒரு கரண்டி எடுத்து, இரண்டு வெள்ளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பிப் பாருங்கள். பின்னால் எடுத்ததில் மட்டும் புள்ளி இருந்தால் அந்த 40 பெண்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுத்தம் செய்கிற ஷிப்ட்டிடம் பேசுங்கள்.

பெல்ட்டில்தான் தவறு என்றால், அடுத்த சோதனை வேகம். பத்து நிமிடம் பெல்ட்டை மெதுவாக ஓட்டுங்கள். பழம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக உருளட்டும். அப்போது தப்பிப்போகும் பழம் குறைந்தால், பெண்களின் கண்ணில் கோளாறு இல்லை. ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்று உருளும் பழத்தையே பார்த்தால் எவருக்கும் கண் மரத்துப்போகும். நடு நடுவே இடம் மாற்றிவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் சொல்லிக்கொடுப்பது. பெல்ட் தலைப்பில் கண் மட்டத்தில் மூன்று தட்டு வையுங்கள். ஒன்றில் போகலாம் என்ற பழம், ஒன்றில் வெட்டிச் சரிசெய்ய வேண்டிய பழம், ஒன்றில் தூக்கிப் போட வேண்டியது. பெங்களூரா ரக மாம்பழம் ஓடும் நாளில் பெங்களூரா, அல்போன்சா ஓடும் நாளில் அல்போன்சா. மத்தியானத்துக்குள் பழம் குழைந்துவிடும் என்பதால் தினமும் காலையில் மாற்ற வேண்டும். எந்த மொழிக்காரருக்கும் அந்தத் தட்டு புரியும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதிதாக வந்தவர்களைச் சீக்கிரம் பழக்க நான்கு படி முறை ஒன்று இருந்தது. ஆளைத் தயார்செய்வது, செய்து காட்டுவது, அவரைச் செய்ய வைத்துப் பார்ப்பது, பிறகு அடிக்கடி வந்து பார்ப்பது. நம் ஊர்களில் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறோம். ‘காமிச்சேனே, புரிஞ்சுதான்னு கேட்டேன், தலையாட்டினாங்க’ என்பார்கள். புதிய இடத்தில், புதிய முதலாளி முன்னால், யார்தான் தலையாட்ட மாட்டார்கள்? 20 பழத்தைக் கையில் கொடுத்து அவரையே மூன்று தட்டில் பிரிக்கச் சொல்லுங்கள். எதை மாற்றிப் போடுகிறார் என்று பார்த்தால், என்ன புரியவில்லை என்பது தெரியும். பெரும்பாலும் நடுத்தட்டில்தான் குழப்பம் இருக்கும்.

வேலை ஓடும்போது சொல்ல வேண்டியது வந்தால், பெல்ட்டின் எதிர்ப்பக்கம் போய் அவர் கண்ணைப் பார்த்து, தப்பிய பழத்தைத் தூக்கிப் புள்ளி மேல் விரலை வைத்துக் காட்டி, சரியான தட்டில் போடுங்கள். பத்து விநாடி. பின்னாலிருந்து தோளைத் தட்டுவதும், பழத்தை முன்னால் வீசுவதும் கூடாது. 8, 10 பேருக்கு ஒருவர் என்று அவர்கள் மொழி தெரிந்த அக்கா ஒருவரை முன்னே நிறுத்துங்கள். அவருக்கு அந்தப் பொறுப்புக்குக் கூலியில் கொஞ்சம் சேர்த்தே கொடுங்கள்.

மேஸ்திரியிடம் சொல்லி அனுப்புவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆள் வருகை, கூலி, தங்குமிடம் எல்லாம் மேஸ்திரி வழியாகப் போகட்டும். வேலையின் குறை மட்டும் அந்த வழியில் போக வேண்டாம். நீங்கள் ‘காம்புப் பக்கம் பார்க்கச் சொல்லுங்க’ என்று சொன்னது, அவர்களிடம் போய்ச் சேரும்போது வசவாக மாறியிருக்கும். காம்பு பாதி வழியில் உதிர்ந்திருக்கும்.

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பாராட்டினால் தலைக்கனம் வரும், அடுத்த நாளே சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்று என் அப்பா சொல்வார். உண்மையா?
– வாசகர், தருமபுரி

பதில்: சம்பளம் கேட்பது அவர்கள் உரிமை, பாராட்டாவிட்டாலும் கேட்பார்கள். ஆனால் உங்கள் அப்பா சொன்னதில் ஒரு துளி விஷயம் இருக்கிறது. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டி 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஃபீட்பேக் கொடுத்தால் சராசரியாக வேலை மேம்படுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான முடிவுகளில் வேலை முன்பைவிட மோசமாகியிருக்கிறது. சொன்ன சொல் வேலையை விட்டு ஆளின் மேல் கவனத்தைத் திருப்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ‘நீ சுத்த வேஸ்ட்’ என்பதற்கு மட்டுமில்லாமல் ‘நீ கெட்டிக்காரிம்மா’ என்பதற்கும் இது பொருந்தும்.

அதனால் ஆளை விட்டுவிட்டுச் செய்ததைச் சொல்லுங்கள். ‘அந்த அம்மா விலை கேக்கத் தயங்குனாங்க. நீ 800-லேர்ந்து 1,500 வரைக்கும் நாலு புடவை மட்டும் எடுத்துப் போட்ட. முப்பது புடவையப் பிரிச்சுப் போட்டிருந்தா எழுந்து போயிருப்பாங்க. கவனிச்சேன்மா.’ நாளைக்கு அந்தப் பெண் மறுபடி செய்யக்கூடிய ஒன்று இதில் இருக்கிறது. ‘சூப்பர்’ என்ற சொல்லில் அது கிடையாது. நாலு பேர் முன்னால் பாராட்டலாமா என்றால், அவருக்குக் கூச்சம் இல்லை என்றால் பாராட்டலாம். ‘அவளைப் பாத்துக் கத்துக்கோங்க’ என்று மட்டும் சேர்க்காதீர்கள். மத்தியானச் சாப்பாட்டில் அந்தப் பெண் தனியாக உட்கார வேண்டி வரும்.

கேள்வி: ஓர் அலுவலகத்தில் எச்.ஆர். வேலை. வருடாந்திர அப்ரைசலில் ‘முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் பாராட்டு’ என்ற சாண்ட்விச் முறையைத்தான் எல்லா மேனேஜர்களுக்கும் சொல்லித் தருகிறோம். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அழுகை, ராஜினாமா.
– வாசகி, ஓசூர்

பதில்: அந்த முறையை விட்டுவிடுங்கள். இரண்டு தடவை வாங்கியவருக்கே தெரிந்துவிடும், சார் புகழ ஆரம்பித்தால் பின்னால் ஏதோ வருகிறதென்று. பிறகு உண்மையான பாராட்டையும் நம்ப மாட்டார். ஒன்றும் பிடிபடாதவரோ முதலையும் கடைசியையும் மட்டும் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார். நடுவில் சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமெரிக்கப் பயிற்சி நிறுவனத்தின் முறை எளிமையானது. எப்போது, எங்கே, அவர் செய்தது என்ன, அதனால் என்ன ஆனது. கணக்குப் பிரிவிலிருந்து ஓர் உதாரணம் (ஜி.எஸ்.டி.ஆர்-1 என்பது மாத விற்பனைக் கணக்கு, 2பி என்பது வாங்கியவருக்கு வரும் வரி வரவுப் பட்டியல்): ‘ஜி.எஸ்.டி.ஆர்-1 பதினொன்னாம் தேதிக்குள்ள போகணும். ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசமும் விற்பனை லிஸ்ட் உங்ககிட்டேர்ந்து பத்தாம் தேதி ராத்திரிதான் வந்துது. ஆகஸ்ட்ல மூணு பில் விட்டுப்போச்சு. நம்மகிட்ட வாங்குனவங்களுக்கு அந்த மாச 2பி-ல வரி வரவு ஏறல. போன் நமக்கு வந்துது.’ இதில் ‘பொறுப்பில்லை’ என்ற சொல்லே இல்லை. ‘எப்பவும்’, ‘ஒரு நாளும்’, ‘ஆட்டிட்யூட்’ ஆகிய மூன்றையும் மேனேஜர்களின் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாலே உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்று: அப்ரைசல் அறையில் புதிய செய்தி எதுவும் இருக்கக் கூடாது. ஆகஸ்ட்டில் நடந்ததை மார்ச்சில் முதல் முறையாகக் கேட்டால் யாருக்குத்தான் அழுகை வராது? ஒவ்வொரு மேனேஜரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, வாரம் இரண்டு வரி, தேதி போட்டு எழுதட்டும். எழுதாவிட்டால், மார்ச்சில் உட்காரும்போது ஞாபகத்தில் பிப்ரவரி மட்டும்தான் இருக்கும். சம்பளத் தொகையைச் சொல்லும் நாளும் வேலையைப் பற்றிப் பேசும் நாளும் வேறு வேறாக இருப்பது நல்லது. தொகை காதில் விழுந்த பிறகு மற்றது எதுவும் விழாது.

கேள்வி: எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைன் லீடர் நான். பிள்ளைகள் எல்லாம் 19, 20 வயது, ஹாஸ்டலில் தங்கி முதல் வேலை. தப்பைச் சொன்னதும் சிலர் அழுதுவிடுகிறார்கள். சொன்னதை வாபஸ் வாங்கிவிடுகிறேன்.
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: வாபஸ் வாங்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், ஐந்து நிமிடம் விடுங்கள், பிறகு அதே விஷயத்தை அதே குரலில் முடியுங்கள்: ‘கனெக்டர் முழுசா உள்ள போகல, க்ளிக் சத்தம் வரணும். வா, ஒரு தடவை சேர்ந்து போடலாம்.’ அழுததற்காக விட்டுவிட்டால், அந்தத் தவறு அடுத்த ஸ்டேஷனில் எல்லோர் முன்னாலும் பிடிபடும். அது இதைவிட வலிக்கும். அழுகைக்குக் காரணம் உங்கள் சொல்தானா என்றும் பாருங்கள். நைட் ஷிப்ட் முடியப்போகும் நேரம், வீட்டிலிருந்து வந்த போன், காலையில் சாப்பிடாத வயிறு என்று எதுவாகவும் இருக்கும். ஆண் சூப்பர்வைசர் பேச வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்கட்டும், பெண் லீடர் ஒருவர் கூட இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் சார் ஒவ்வொரு தவறையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு போட்டு ‘யார் இந்த அறிவாளி?’ என்று கேட்கிறார். 60 பேர் இருக்கும் குரூப். வேலையை விடவும் முடியவில்லை.
– வாசகர், பாலக்கோடு

பதில்: குரூப்பில் பதில் எழுதாதீர்கள், விளக்கமும் வேண்டாம், கும்பிடு எமோஜியும் வேண்டாம். அன்றைக்கே நேரில் போய் இரண்டே வரி சொல்லுங்கள்: ‘சார், அந்த லேபிள் தப்பு என்னோடதுதான், மாத்திட்டேன். அடுத்த தடவ எனக்குத் தனியா போன் பண்ணுங்க சார், உடனே வந்து சரிபண்றேன்.’ தவறை ஒப்புக்கொண்டு, கூடவே அவருக்கும் சீக்கிரம் வேலை முடிகிற வழியைக் காட்டுவதால் இதற்குக் கோபப்பட இடம் குறைவு. மாறவில்லை என்றால் அந்தப் பதிவுகளைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு எச்.ஆரிடமோ உரிமையாளரிடமோ போங்கள்.

சாருக்கும் ஒன்று. அந்தப் போட்டோவால் மற்ற 59 பேர் கற்றுக்கொள்வது தவறை மறைக்கத்தான். போட்டோவுக்கு வராத லேபிள் லாரியில் ஏறிப் போய்விடும்.

கேள்வி: தாமதமாக வந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் பிடிக்கிறார்கள். சம்பளம் 12,000. இது சரியா?
– வாசகர், அரூர்

பதில்: 20 நிமிடம் தாமதமென்றால் அந்த 20 நிமிடத்துக்கான கூலியைக் குறைக்கலாம். அதற்குமேல் அபராதம் என்றால் அதற்கு வரம்பு உண்டு. முன்பிருந்த 1936-ம் வருடக் கூலி வழங்கல் சட்டம் சொன்னதையே, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2019-ம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது: ஒரு சம்பளக் காலத்தில் அபராதம் மொத்தமாக அந்தக் காலச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000-க்கு அது 360 ரூபாய். உங்கள் கணக்கில் நான்காவது நாளே வரம்பு தாண்டிவிடுகிறது. எதற்கெல்லாம் அபராதம் என்பதை முன்னதாகவே அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் போடக் கூடாது. தவணை முறையில் பிடிக்கக் கூடாது, விதித்து 90 நாள் கழிந்தாலும் பிடிக்கக் கூடாது. பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பணம் தொழிலாளர்களின் நலனுக்கு மட்டுமே செலவாக வேண்டும், கல்லாவுக்குப் போகக் கூடாது. ஏன் தாமதமாகிறது என்று உங்களிடம் யாராவது கேட்டார்களா? காலை பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.